வரதராஜனின் உதடு வீங்கத் தொடங்கிய பிறகு எழுதிய வாக்கியங்கள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நல்லெண்ணத்தில் பிறந்ததல்ல.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், மெல்பேர்னின் மேற்கோரத்து வெரிபீயில் ஒரு சமூக மண்டபத்தில், மூன்றாம் வரிசையில், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். தூங்கினேன் என்பது சரியில்லை. நம்முடைய விழாக்களில் யாரும் தூங்குவதில்லை. கண்ணை மூடி உள்வாங்குகிறோம். மேடையில் ஒருவரைப் பற்றி இன்னொருவர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு வெதுவெதுப்பான தண்ணீர்போல என் முழங்காலில் ஏறி, மடியில் ஏறி, கழுத்துவரை வந்து நின்றது. அப்போது ஒருமுறை கண்ணைத் திறந்தேன். மாலையோடு அமர்ந்திருந்தவரின் மேலுதடு சற்றுத் தடித்திருந்தது.

மூடித் திறந்தேன். இன்னும் கொஞ்சம் தடித்திருந்தது. மறுபடி திறந்தபோது நன்றியுரை முடிந்து, எல்லோரும் ரோல்ஸ் தட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அந்த உதட்டை வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. மறுநாள் முகநூலில் வந்த படங்களில் அது சாதாரண உதடுதான். மேடை விளக்கின் வேலையாக இருக்கலாம். என் தூக்கத்தின் வேலையாகவும் இருக்கலாம்.

ஆனால் எனக்கு அந்த உதடு தேவைப்பட்டது. இத்தனை வருடமாக மேடைகளுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு, மேலே இருப்பவர் எல்லோர் கண்முன்னும் உண்மையிலேயே வீங்குகிறார் என்ற எண்ணம் எவ்வளவு இனிப்பானது என்று நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் கீழேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

2.

முதல் தொடக்கம்:

"பனி படர்ந்த வெரிபீப் புல்வெளியின்மேல் ஆதவன் தன் பொற்கரங்களை நீட்டி"

(நிறுத்திவிட்டேன். வெரிபீயில் இப்போது புல்வெளி குறைவு. புதுவீட்டு மரச்சட்டங்கள்தான் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சுற்றிய பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடக்கிறது. அதன்மேல் சூரியன் கையை நீட்டினால் கட்டட மேற்பார்வையாளர் தலைக்கவசம் எங்கே என்று கேட்பார்.)

இரண்டாம் தொடக்கம்:

"வலிநிவாரணிகளுக்கு உடல் காட்டும் மிகையுணர்வு எதிர்வினையானது பல வகைப்படும். அவையாவன"

(அவையாவன என்று ஆரம்பித்தால் வாசகர் தேர்வுக்குப் பயந்த பிள்ளையாகிவிடுவார்.)

மூன்றாம் தொடக்கம்:

"கத்தரினின் கைப்பையைத் திறந்தால் ஒரு சிறிய மருந்துக்கடை."

இது இருக்கட்டும். கத்தரின் மன்னாரைச் சேர்ந்தவர். வெரிபீயில் முதியோர் இல்லமொன்றின் சமையற்கூடத்தில் வேலை. தமிழ் விழா எங்கே நடந்தாலும், அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், தேநீர் பொறுப்பு அவருடையது. அவருடைய கைப்பையில் வாந்திக்கு, வயிற்றுக்கு, தும்மலுக்கு, தலையிடிக்கு எல்லாம் குளிசை உண்டு. ஊரிலிருந்து வருகிற உறவினர் கொண்டுவந்து கொடுப்பவை. கொண்டுவருகிறவர்களுக்கோ விமானத்தில் பெட்டியின் எடை பெரிய பிரச்சினை. மிளகாய்த்தூளும் கருவாடும் ஏற வேண்டுமென்றால் எதையாவது இறக்க வேண்டும். ஆகவே மருந்தின் அட்டைப் பெட்டிகளை எறிந்துவிடுவார்கள். உள்ளேயிருக்கும் தாளையும் எறிந்துவிடுவார்கள். பிறகு ஈயத்தாள் அட்டைகளைக் கத்தரித்து, ரப்பர் வளையம் போட்டு, சப்பாத்துக் காலணிகளுக்குள் திணிப்பார்கள். இங்கே வந்ததும் அவை இன்னும் சிறிதாகக் கத்தரிக்கப்பட்டு, அன்ரிமாரின் கைப்பைகளுக்குள் பங்கிடப்படும். பெயர் எந்தத் துண்டோடு போனது என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளை வட்டம் தலையிடிக்கு. அவ்வளவுதான் தெரிந்திருக்க வேண்டியது.

3.

மேடைக்கு ஒருவர் வேண்டும். அவருக்கு வரதராஜன் என்று பெயர் வைத்தேன். திருச்சிக்காரர். மெல்பேர்னில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் மேலாளர்களுக்கு மேலாளர். மேற்கு மெல்பேர்ன் முத்தமிழ்ப் பேரவையின் தலைவர். தினமும் விடிகாலையில் வாட்ஸப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்புவார். மஞ்சள், மல்லி, மூச்சுப் பயிற்சி. முடிவில் "மாத்திரையைத் தொடாதீர்கள், மகத்துவத்தைத் தொடுங்கள்" என்று ஒரு வரி. அந்தப் பதிவுகளைத் தொகுத்து அவர் எழுதிய நூலுக்கு 'மாத்திரை தொடாத மனிதன்' என்று பெயர். கதையில் நடக்கிற விழா அந்த நூலின் வெளியீட்டு விழா.

இதுவரை எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் ஒரு கேள்வி. இவர் ஏன் மாத்திரையைத் தொடுவதில்லை? கொள்கை என்று எழுதிப் பார்த்தேன். காகிதத்தில் ஒட்டவில்லை. கொள்கைக்காகத் தலைவலியைப் பொறுத்துக்கொள்ளும் மேலாளரை நான் சந்தித்ததில்லை.

பிறகு தெரிந்தது. பயம்.

சில வருடங்களுக்கு முன் அவருக்குப் பல்வலி வந்தது. சூப்பர்மார்க்கெட்டில் சூயிங்கம்முக்குப் பக்கத்தில் தொங்கிய இபுப்ரோஃபென் ஒரு பொட்டலம் வாங்கி, கார் நிறுத்துமிடத்திலேயே விழுங்கினார். அதற்கு முன் அதே மாத்திரையைப் பலமுறை போட்டவர்தான்.* வீடு வந்து சேர்வதற்குள் இமைகள் இரண்டும் இட்லிபோல உப்பிக் கண் மூடிக்கொண்டது. மனைவி பத்மாதான் ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். அங்கே இளம் மருத்துவர் ஒருத்தி பொறுமையாக விளக்கினாள்: இந்தக் குடும்பத்து மருந்து எதுவுமே உங்களுக்கு ஆகாது. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், எதுவும். வலிக்குப் பூசுகிற களிம்புகூட வேண்டாம். இந்தமுறை இமை, அடுத்தமுறை தொண்டையாக இருக்கலாம். பரசிற்றமோல் பரவாயில்லை. எதைப் போட்டாலும் பெயரைக் கேட்டுப் போடுங்கள். கூட இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். கையில் எச்சரிக்கை வளையம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

"கையில மாட்டிக்கிட்டுத் திரிய நான் என்ன சந்தைக்கு வந்த மாடா?" என்று காரில் பத்மாவிடம் கேட்டார். வளையத்துக்குப் பதிலாக நவரத்தினக் காப்பு ஒன்று செய்துகொண்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. யாராவது மாத்திரை நீட்டினால், "நான் தொடுறதில்லைங்க" என்பார். பயத்தில் சொன்ன சொல் அது. கேட்டவர்கள் அதைத் தவம் என்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

* நானும் நம்பவில்லை, விசாரித்தேன். பல வருடம் ஒத்துக்கொண்ட மாத்திரை ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகலாமாம். உடம்பு முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. இந்த வகையில் அது நம் சங்கங்களின் செயற்குழுவைப் போன்றது.

4.

மண்டபத்துக் குசினி. விழா தொடங்குவதற்குச் சற்று முன். வரதராஜன் பட்டுவேட்டியில், ஒரு கையால் நெற்றியைப் பிடித்தபடி வருகிறார். தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் கத்தரின்.

"என்ன அண்ணை, முகம் வாடிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. விடியக்காலையிலேர்ந்து மண்டை பொளக்குது. ஏற்புரை வேற மனப்பாடம் பண்ணணும்."

"மல்லித்தண்ணி காய்ச்சித் தரட்டே? நீங்கள்தானே ஓடியோவில சொன்னனீங்கள்."

வரதராஜன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் குடிச்சாச்சு. உங்க பையில... ஏதாவது... இருக்குமா?"

கத்தரினின் முகத்தில் ஒரு சின்ன வெற்றி மின்னி மறைந்தது. கைப்பைக்குள் கைவிட்டுத் துழாவி, இரண்டு குளிசை மட்டும் மிஞ்சிய ஒரு ஈயத்துண்டை எடுத்தார்.

"இந்தாங்கோ. ஊரில இருந்து டிலக்சி கொண்டுவந்தவ. நல்லாக் கேக்கும்."

"இது என்ன மாத்திரை?"

"தலையிடிக் குளிசைதான் அண்ணை."

"இல்லம்மா, பேரு... பரசிற்றமோலா?"

"ஓம் ஓம், அதுமாதிரித்தான். எல்லாம் ஒண்டுதானே. நான் போன கிழமையும் போட்டனான், கல்லுமாதிரி நிக்கிறன்."

அவர் ஈயத்துண்டைத் திருப்பிப் பார்த்தார். வெட்டிய ஓரத்தில் இரண்டு எழுத்து இருந்தது. என்ன எழுத்து என்று படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும்; கண்ணாடி காரில். இன்னொரு கேள்வி கேட்கலாம். கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டிவரும். வாசலில் துணைத்தலைவர் நாகராஜனின் குரல் கேட்டது: "தலைவரே, மாலை வந்தாச்சு!"

விழுங்கிவிட்டார்.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

"நான் ஏன் அண்ணை சொல்லப்போறன்? உங்கட முதல் பிரதி வாங்கப்போறதே நான்தான்."

(இந்த இடத்தில் நான் அவர் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். எனக்கு ஒரு வரி போதும்: "குளிசை தவறிக் கழுவுதொட்டிக்குள் விழுந்தது." எழுதவும் செய்தேன். பிறகு கதை இல்லாமற்போகுமே என்று அடித்துவிட்டேன்.)

5.

மங்கல விளக்கு. தமிழ்த்தாய் வாழ்த்து. ஆஸ்திரேலிய தேசிய கீதம், முதல் அடி எல்லோரும், இரண்டாம் அடி ஒலிபெருக்கி மட்டும். இந்த மண்ணின் மூத்த குடிகளுக்கு வணக்கம். வரவேற்பு நடனம். இதற்குள் ஒரு குளிசை செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கிவிடும்.

வரதராஜனை அமர்த்தியிருந்தது ஒரு மணவறைக் கதிரையில். தலைவருக்குத் தகுந்த ஆசனம் மண்டபத்தில் இல்லையென்று, கல்யாண அலங்காரம் செய்பவரிடம் நாகராஜன் வாடகைக்கு எடுத்து வந்தது. இருவர் அமர வேண்டிய சிவப்பு வெல்வெட்டில் ஒருவராக, நடுவில், இரண்டு தங்கநிற மயில்களுக்கிடையே அவர் இருந்தார்.

முதலில் உள்ளங்கை அரித்தது. கைதட்டலை வாங்கிக்கொள்கிறவருக்கும் உள்ளங்கை அரிக்குமா என்று அவர் மென்மையாக வியந்தார். பிறகு காது மடல்கள் சூடாயின. பாராட்டுதான் என்று நினைத்தார். விளக்குகள் மெல்ல விரிந்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வளையம் வந்தது. மண்டபம் கண்ணாடித் தொட்டியாகிவிட்டது. சேலைகள் நீருக்குள் அசையும் பாசிபோல அசைந்தன. நாகராஜனின் வாய் திறந்து மூடியது. சொற்கள் குமிழிகளாக மேலே போய்க் கூரையில் முட்டி உடைந்தன.

"...மேடையிலே வீற்றிருக்கும் பேரவையின் பெருந்தலைவர் அவர்களே, காப்பாளர் அவர்களே, முன்னாள் தலைவர் அவர்களே, முன்னாள் தலைவராக இருந்து மீண்டும் தலைவராகி மீண்டும் முன்னாள் ஆகிய..."

பொன்னாடைகள் வந்தன. சிட்னி கிளை சார்பில் ஒன்று. அதைப் போர்த்தவென்றே ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து ஒருவர் விமானத்தில் வந்திருந்தார். மகளிர் அணி ஒன்று. நடைப்பயிற்சிக் குழு ஒன்று. ஒவ்வொன்றும் முன்னதன்மேல் ஏறியது. கழுத்தில் சிவப்பாகத் தடித்துத் தடித்து எழும்பிய திட்டுகளின்மேல் சரிகை விழுந்து மூடியது. அவர் குனிந்தார், நிமிர்ந்தார், படத்துக்குச் சிரித்தார். சிரிக்கும்போதுதான் உதடு தன் சொற்படி கேட்கவில்லை என்பதைக் கவனித்தார்.

எழுந்து போயிருக்கலாமே என்பீர்கள். நம்மில் யாராவது மேடையிலிருந்து இடையில் எழுந்து போனதைப் பார்த்திருக்கிறீர்களா? கழிப்பறைக்குக்கூடப் போவதில்லை. தன்னைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்தவர் என்ற பெயர் நமக்குள் வந்துவிட்டால், பிறகு சிட்னியின் மேய்ஸ் ஹில் முருகன் கோயில்வரை அது நமக்கு முன்னே போய் நிற்கும்.

(நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்குத் தொண்டையில் ஏதோ ஒரு பருக்கை சிக்கினாற்போல இருக்கிறது. எச்சில் விழுங்கிப் பார்க்கிறார். இந்த அடைப்புக்குறிக்கு ஆன நேரமும் அவருடைய கணக்கில்தான்.)

6.

பத்மாவைப் பற்றி எனக்கு வேறு திட்டம் இருந்தது. முன்வரிசை. மயில்கழுத்து நிறப் பட்டு. கணவரின் ஏற்புரையைக் கூடவே உதடசைத்துச் சொல்லும் பெண்மணி. ஒரு பத்தியில் இரண்டு குத்து குத்திவிட்டு நகர்ந்துவிடலாம் என்றிருந்தேன்.

அவர் ஒத்துழைக்கவில்லை. நான் உதடசைக்க வைத்த இடத்தில் மேடையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். மேலுதட்டில் ஏறிய அந்த வீக்கம் அவருக்குத் தெரியும். ஏற்கனவே ஒருமுறை அதைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு, சிவப்பு விளக்குகளைக் கடந்து கார் ஓட்டியவர். ஆனால் மாத்திரைக்கு வழியில்லையே, இவர்தான் தொடமாட்டாரே என்று நினைத்தார். அழுகையை அடக்குகிறாரோ என்றும் நினைத்தார். பிறகு திரும்பி, நேராக மூன்றாம் வரிசையில் என்னைப் பார்த்தார்.

"ஏங்க, நீங்கதானே எழுதுறவரு?"

"ஓம்."

"எதுக்கு அவருக்கு இன்னொரு சால்வை போடுறீங்க?"

"காட்சி நல்லா வருது..."

"காட்சியா? அவருக்கு மூச்சு வரலைங்க."

வெட்கத்தை மறைக்க, "நீங்கள் எழுந்து போகலாமே" என்றேன்.

"போகலாம். போனா என்ன சொல்றது? மாத்திரை சாப்பிட்டிருக்கார்னா? இந்தப் புத்தக வெளியீட்டுலயா? முந்தி ஒருதரம் கிரகப்பிரவேசத்துல, இவருக்கு ஊசின்னா பயம்னு சும்மா சிரிச்சுக்கிட்டுச் சொல்லிட்டேன். ரொம்ப நாள் முகம் குடுத்துப் பேசலை. 'நான் மேடையில இருக்கும்போது நீ வாயத் திறக்கவே கூடாது'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. இப்ப போய், ஒண்ணுமில்லாம வெறும் வியர்வையா இருந்துச்சுன்னா?"

அப்போது தேநீர்த் தட்டோடு வரிசைக்குள் நுழைந்த கத்தரின், பத்மாவின் காதருகே குனிந்தார்.

"அக்கா, அண்ணைக்கு முகம் ஒரு மாதிரிக் கிடக்கு, என்ன? கண்ணூறு நாவூறாக்கும். இவ்வளவு சனமும் பாத்தா?"

"நீங்க அவருக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

"நானோ? தேத்தண்ணி."

"கத்தரின்."

"...ஒரு குளிசை. தலையிடிக்கு. சொல்ல வேண்டாமெண்டவர்."

"என்ன மாத்திரை?"

கத்தரினின் வாய் திறந்தது. பெயர் எனக்கும் தெரியாது. சப்பாத்துக்குள் வந்த மற்றப் பாதியோடு அந்தப் பெயர் எங்கேயோ போய்விட்டது.

7.

இப்போது பத்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்துவிடுவார். ஆனால் எனக்கு இன்னும் முடிவு தயாராகவில்லை. கொஞ்சம் பொறுங்கள்; அவரைப் பாதி எழுந்த நிலையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். மண்டபம் முழுவதும் நின்றுவிட்டது. வீடியோக்காரரின் கால் தூக்கியபடி. கத்தரினின் தட்டில் தேநீர் ஒரு பக்கமாகச் சரிந்தபடி. வெளியே கட்டி முடிக்காத வீடுகளின் பிளாஸ்டிக் தாள்கள்கூடப் படபடக்கவில்லை.

முடிவு ஒன்று. வரதராஜன் ஏற்புரைக்கு எழுகிறார். வாய் திறக்கிறார். ஒலி வரவில்லை. "நெகிழ்ச்சியில் தலைவருக்கு நா எழவில்லை!" என்கிறார் நாகராஜன். எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பேரவையின் வரலாற்றில் மிகச் சிறந்த ஏற்புரை என்று அதைப் பிறகு சொல்வார்கள், ஏனென்றால் அதுதான் மிகச் சிறியது.

(இந்த முடிவுக்காகத்தான் முழுக் கதையையும் எழுத ஆரம்பித்தேன். இப்போது எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. கைதட்டல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.)

முடிவு இரண்டு. சைரன். தொடையில் அட்ரினலின் ஊசி. ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போகும் பெண் தமிழ்ப்பிள்ளை, அவர் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள்: "யூ ஆர் டூயிங் கிரேட், அங்கிள்." பிழைத்து வந்து 'மாத்திரை தொட்ட மனிதன்' என்று இரண்டாம் பாகம் எழுதுகிறார். வெளியீட்டு விழாவும் உண்டு.

(பிழைத்தவர் திருந்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சைரனுக்கு யாராவது முதலில் அழைத்திருக்க வேண்டும். எழுதியபின் தேடிப் பார்க்கிறேன், இந்த மண்டபத்தில் ஒருவரும் அழைக்கவில்லை.)

முடிவு மூன்று. வெல்வெட்டின்மேல், இரண்டு மயில்களுக்கிடையே, பொன்னாடைகளின் குவியல் மெல்லச் சரிந்து

(இல்லை. இதை எழுதமாட்டேன். ஓர் உதட்டைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றுதான் வந்தேன். இதற்கு யாரும் வரவில்லை.)

8.

நான் விடுவதற்குள் பத்மா எழுந்துவிட்டார்.

நிறுத்தப் பார்த்தேன். "சேலைத் தலைப்பு கதிரையில் சிக்கியது" என்று எழுதினேன். இழுத்துக்கொண்டு நடந்தார், கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. மேடைப் படியருகே பொன்னாடைத் தட்டோடு நின்ற பெண், முன்வரிசைப் பெண்மணி மேடையேறினால் எதற்கென்று பழகியவள், ஒரு பொன்னாடையை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

நாகராஜனுக்கு மெய்சிலிர்த்தது.

"இதோ! இதோ! எதிர்பாராத தருணம்! தலைவரின் வெற்றிக்குப் பின்னால் நிற்கும் இல்லத்தரசியே, தம் பொற்கரங்களால் பொன்னாடை போர்த்த வருகிறார்! பலத்த கரகோஷம்!"

கரகோஷம் பலமாகவே இருந்தது. எல்லோர் கையிலும் கைபேசி உயர்ந்தது. இருட்டில் சின்னச் சின்ன நீலச் சதுரங்கள், குளத்தில் மிதக்கும் விளக்குகள்போல, ஆடி ஆடி மேலே வந்தன.

பத்மா கையிலிருந்ததைக் கீழே போட்டார். பிறகு கணவரின் தோளிலிருந்து நடைப்பயிற்சிக் குழுவை எடுத்தார். மகளிர் அணியை எடுத்தார். சிட்னிக் கிளையை எடுத்தார். மாலையைத் தலைக்குமேலாகக் கழற்றினார். சட்டையின் மேல் பொத்தான்களை அவிழ்த்தார். கைதட்டல் அங்கங்கே தடுமாறியது. போர்த்தித்தான் பார்த்திருக்கிறோம், உரித்து யாரும் பார்த்ததில்லை. இது ஏதோ புது மரபாக இருக்கும் என்று பின்வரிசையில் ஒருவர் பக்கத்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றுக்கும் அடியில், சிவந்து தடித்த கழுத்தோடு, திருச்சியிலிருந்து வந்த ஒரு மனிதர் இருந்தார். நான் உருவாக்கியதைவிடச் சிறியவர். மூச்சு விசிலடித்து உள்ளே போனது. வெளியே வர நேரமெடுத்தது. பத்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிடாத," என்றார். தடித்த உதட்டில் அது பாதிதான் வந்தது.

பத்மா அவரைப் பார்த்தார். பிறகு நாகராஜனின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கவில்லை, பிடுங்கினார்.

"என் வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிட்டிருக்காரு. வலி மாத்திரை. அது அவருக்கு ஆகாது. தொண்டை அடைக்குது. ரொம்ப நாளா எங்களுக்குத் தெரியும், உங்க யார்கிட்டயும் சொல்லலை. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க யாராவது!"

"நான்தான் குடுத்தனான்!" என்று கத்தரின் அலறிக்கொண்டு கைப்பைக்குள் கைபேசியைத் தேடினார். குளிசைத் துண்டுகள்தான் வந்துகொண்டிருந்தன; ஒன்றன்பின் ஒன்றாக, பெயரில்லாமல், தரையில் வெள்ளிச் செதிள்கள்போல உதிர்ந்தன.

9.

இப்போது மண்டபத்தைப் பாருங்கள். நிறையக் கைபேசிகள், எல்லாம் உயர்த்தியபடி, எல்லாம் படம் பிடித்துக்கொண்டு. இவ்வளவு பேரில் வேறு யாராவது அழைத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். நினைப்பில் தவறில்லை, அவர்களை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நான் எழுதியவர்கள் யாரும் அழைக்கமாட்டார்கள். அழைத்தார் என்று நான் எழுதினாலும் அது மையில் அடித்த மணி, எங்கேயும் கேட்காது.

எழுதாமல் விட்டது உங்களை மட்டும்தான். மூன்றாம் வரிசை, ஓரத்து இருக்கை. உங்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. அதைத் தாழ்த்துங்கள். இந்த நாட்டில் அவசர உதவிக்குப் பூச்சியம், மூன்று முறை.

ஒரு குரல் வரும். ஆங்கிலத்தில், அவசரப்படாமல், பொலிஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா, மூன்றில் எது வேண்டும் என்று கேட்கும். ஒரு சொல் சொன்னால் போதும். அவர்களே, அவர்களே என்று யாரையும் விளிக்க வேண்டாம். நான் சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்தால் இன்னொரு பத்தி வந்துவிடும், அவரிடம் ஒரு பத்திக்கு இடமில்லை. நாகராஜன்கூட நிறுத்திவிட்டார். நானும்